நிழலோடு ஒரு சண்டை

முப்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை செய்யத் தகாத காரியங்கள் என்று என் அம்மா ஒரு நீண்ட ஜாபிதா வைத்திருக்கிறாள். விளக்கு வைத்த பிறகு தலை வாருவது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பத்திரிகை படிப்பது, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சாப்பிடுவது, இப்படிப் பல. இந்தக் கோடை விடுமுறையில் அந்த ஜாபிதாவில் புதிதாக ஒன்று சேர்ந்துவிட்டது: "ராத்திரி பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டரில் குதிப்பது."

குதித்தது நான் அல்ல, ஒரு ராஜகுமாரன். ஆனால் அவன் பள்ளத்தில் விழும்போதெல்லாம் "ஐயோ!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி அலறியது நான்தான். ஆகையால் அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

சமாசாரத்தை ஆதியிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

மே மாதம் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மூடியதும், ஆபீஸில் பத்து நாள் லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு, சென்னையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் ஏறித் திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை மொட்டை மாடியில் நின்றால் எதிரே மலைக்கோட்டை. திண்டு போலக் கிடக்கும் அந்தக் கல்லினால்தான் ஊருக்கே பெயர் வந்தது என்பார்கள். 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755-ல் ஹைதர் அலி வந்து அதிகாரம் செலுத்திய கோட்டை. சிறு பிராயத்தில் எனக்கும் என் அண்ணனுக்கும் இதெல்லாம் சரித்திரப் பாடத்தோடு சரி. எங்களைப் பொறுத்தவரையில், பாரசீக ராஜகுமாரனை அடைத்து வைத்த பாதாளச் சிறை அந்த மலைக்குள்ளேதான் இருந்தது.

அன்று மத்தியானம் என் மகன் அம்மாவின் மர அலமாரியைத் திறக்கப் புறப்பட்டான். அதில் தொங்குவது அசல் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள்கூட இந்தப் பூட்டின் பெருமையைப் பேசுகிறார்கள். கையால் செய்யும் சாமான். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. பையன் கொத்திலிருந்து ஏதோ ஒரு சாவியை நுழைத்து முறுக்கினான். அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "முறுக்காதே சாமி! பூட்டுக்கு ஒண்ணும் ஆகாது, சாவிதான் ஒடியும்."

சரியான சாவி கிடைத்தது. உள்ளே அப்பாவின் கணக்கு நோட்டுகள், அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருக்கும் தொடர்கதைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் ஒரு கறுப்பு ஃப்ளாப்பி. மேலே ஒட்டிய காகிதத்தில் அண்ணனின் கோணல் எழுத்து: "பிரின்ஸ். அழிக்காதே!"

எனக்கு மனசு என்னவோ செய்தது.

*

1998-ம் வருஷக் கோடை. எனக்கு வயது பதினொன்று, அண்ணனுக்குப் பதினாலு. பிள்ளைகள் வெயிலில் அலையாமல் ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்று அப்பா எங்களை ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் சேர்த்துவிட்டார். மாடிப்படி ஏறி, செருப்பைக் கோயில் வாசலில் விடுவது போல் வெளியே விட்டுவிட்டு, குளிர்சாதன அறைக்குள் போக வேண்டும். திண்டுக்கல் வெயிலில் வெந்து வந்த எங்களுக்கு அந்தக் குளிர்ச்சியே பீஸுக்குச் சரியாகப் போயிற்று. மற்ற நாட்களில் பாடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் விளையாடலாம். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்.

அங்கேதான் அந்த ராஜகுமாரனைக் கண்டோம். விளையாட்டின் பெயர் 'பிரின்ஸ் ஆப் பெர்ஷியா'. கதை இதுதான்: சுல்தான் யுத்தத்துக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாபர் அரண்மனையைக் கைப்பற்றிக்கொண்டு, இளவரசியை அறையில் அடைத்து, "ஒரு மணி நேரம் கெடு. என்னைக் கல்யாணம் செய்துகொள், இல்லாவிட்டால் சாவு" என்கிறான். அவள் மனத்துக்கு இசைந்தவன் பாதாளச் சிறையில் கிடக்கிறான். கையில் கத்திகூட இல்லை. அவன் 12 கட்டங்களைக் கடந்து 60 நிமிஷத்துக்குள் மேலே வந்து சேர வேண்டும். எத்தனை தடவை செத்தாலும் பாதகமில்லை, மறுபடி எழுந்து வரலாம். ஆனால் போன நிமிஷம் போனதுதான்!

விளையாட்டின் கெடுவும் ஒரு மணி, எங்களுக்குக் கொடுத்த நேரமும் ஒரு மணி. கம்ப்யூட்டர் உயிர் பெற்று எழவே இரண்டு நிமிஷம் ஆகும். ஆக, எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த இளவரசிக்கு விமோசனம் கிடையாது என்பது முதல் நாளே தீர்மானமான விஷயம். பிறகுதான், விட்ட இடத்தைப் பதிந்து வைக்கலாம் என்று தெரிந்தது. அதற்காக அப்பாவிடம் கெஞ்சி வாங்கியதுதான் இந்த ஃப்ளாப்பி.

இலாகாக்களைப் பிரித்துக்கொண்டோம். ஓடுவது, குதிப்பது, எதிரியின் கத்தியைத் தடுப்பது ஆகிய அம்புக்குறிச் சாவிகள் அண்ணன் இலாகா. விளிம்பைப் பிடித்துத் தொங்குவது, மருந்தைக் குடிப்பது, கத்தியால் குத்துவது ஆகியவற்றுக்கான 'ஷிப்ட்' சாவி என் இலாகா. அவன் குதிக்கும் அதே கணத்தில் நான் அழுத்தினால்தான் ராஜகுமாரன் விளிம்பைப் பிடிப்பான். அரை விநாடி தவறினால் பள்ளத்தில் முள். ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு விளையாடினோம்.

விடுமுறையின் கடைசி ஞாயிறன்று பன்னிரண்டாவது கட்டத்துக்கு வந்துவிட்டோம். நாலே நிமிஷம் பாக்கி. அங்கே எதிரில் வந்து நின்றது ஒரு நிழல். நான் குத்தினேன். செத்தது நாங்கள்! மறுபடி குத்தினேன், மறுபடி செத்தோம். மணி அடித்து, வாத்தியார் வந்து கம்ப்யூட்டரை அணைக்கும் வரையில் செத்துக்கொண்டே இருந்தோம்.

"நீதான் அவசரப்பட்டுக் குத்தினே!" என்றான் அண்ணன்.

"நீதான் பக்கத்திலே கூட்டிக்கிட்டுப் போனே!" என்றேன் நான்.

வீடு வரையில் சண்டை. அடுத்த வருஷம் அவனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அந்த மாடிப்படியை நாங்கள் அப்புறம் ஏறவேயில்லை.

*

இனிச் சொல்லப் போவதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் மறைப்பானேன்? அந்த ஃப்ளாப்பியை நான் கையில் எடுத்தபோது, அண்ணனும் நானும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது.

அப்பா காலமான பிறகு இந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "அம்மா தனியாக இருக்கிறாள், மாடிப்படி ஏற முடியவில்லை, வீட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு என்னோடு அழைத்துப் போகிறேன்" என்றான் அண்ணன். "அப்பா கட்டிய வீட்டை விற்கக் கூடாது" என்றேன் நான். அதோடு நின்றிருக்கலாம். "வருஷத்துக்குப் பத்து நாள் வர்றவளுக்கு வீட்டு மேலே என்ன பாசம்?" என்று அவன் கேட்டான். "உனக்கு அம்மா மேலே அக்கறையா, வீட்டு விலை மேலே அக்கறையா? சட்டத்திலே எனக்கும் பங்கு உண்டு" என்று நான் சொன்னேன். சொல்லி முடித்த கணமே வாய் கசந்தது. ஆனால் கத்தி உருவியாகிவிட்டதே!

அன்று முதல் அம்மாதான் எங்களுக்குத் தபால்காரி. அவன் குடும்பம் ஏப்ரலில் வந்து போகும், நாங்கள் மேயில் வருவோம். மதினி மாத்திரம் தீபாவளிக்கு டெலிபோனில் கூப்பிடுவாள்.

*

ஃப்ளாப்பியைப் போட இப்போது ஏது கம்ப்யூட்டர்? என் மகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழைய விளையாட்டுகளை இந்தக் காலத்து யந்திரத்தில் ஓடவைப்பதற்கென்றே 'டாஸ்பாக்ஸ்' என்று ஒரு சாதனம் இருக்கிறது. அவன் கால் மணி நேரத்தில் என் மடிக்கணினியில் அதை ஏற்றி ராஜகுமாரனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அந்தப் பழைய வாத்தியம் ஒலித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

படித்த கதையை மறுபடி படிப்பதில் ஒரு சுகம் உண்டு. அம்மா அந்த பைண்டு புத்தகங்களை எத்தனையாவது தடவை படிக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. "முடிவு தெரிஞ்சாத்தான் பதறாமப் படிக்கலாம்" என்பாள். விளையாட்டும் அப்படித்தான் என்று நினைத்து உட்கார்ந்தேன். இல்லை, சகோதரிகளே, இல்லவே இல்லை! கதையில் முடிவு தெரிந்தால் போதும், பக்கம் தானாகப் புரளும். இங்கேயோ தெரிவது ஒன்று, கைக்கு வருவது வேறு. அதிரசத்துக்குப் பாகு எந்தப் பதம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எத்தனை தீபாவளி எண்ணெயில் பிரிந்து போயிருக்கிறது!

எந்தக் கல் காலடியில் இடிந்து விழும், எந்த முள் எங்கே முளைக்கும், இரும்புப் பற்கள் எப்போது 'கடக்' என்று மூடும் என்பதெல்லாம் மனப்பாடம். செத்துக் கிடக்கும் எலும்புக்கூடு மூன்றாவது கட்டத்தில் எழுந்து நின்று கத்தி சுழற்றும். எத்தனை குத்தினாலும் சாகாது, பள்ளத்தில்தான் தள்ள வேண்டும் என்றும் தெரியும். ஆனால் விரல் கேட்டால்தானே? இரண்டு இலாகாவையும் ஒரே ஆள் பார்க்க வேண்டியிருந்தது. வலது கை தடுமாறியது. ஷிப்ட் சாவியிலிருக்கும் என் விரலோ, பக்கத்தில் அண்ணனின் மூச்சு இழுபடும் சத்தத்துக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. ராஜகுமாரன் விழுந்துகொண்டே இருந்தான்.

"அம்மா, முதல் கட்டத்திலேயே பதினேழு தடவை செத்துட்டீங்க" என்று கணக்குச் சொன்னான் என் மகன். பிள்ளைகளுக்குக் கணிதம் வராது என்று யார் சொன்னது?

ஆனாலும் விடவில்லை. பகலெல்லாம் அம்மாவோடு பூ மார்க்கெட், சின்னாளப்பட்டியில் சேலை, கோட்டை மாரியம்மன் கோயில். இரவு சாப்பாட்டுக் கடை முடிந்ததும் பாதாளச் சிறை. நாலாவது இரவு கண்ணாடியைத் தாண்டினேன். வழியை மறித்துக்கொண்டு ஒரு மாயக் கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதற்குள்ளேயே பாய வேண்டும். பாய்ந்ததும் ராஜகுமாரன் இந்தப் பக்கம் வர, அவனுடைய நிழல் அந்தப் பக்கம் பிரிந்து ஓடும். அந்தக் கணமே அவன் உயிரெல்லாம் வற்றி ஒரே ஒரு துளி மிஞ்சும். பிறகு அந்த நிழல் முந்திக்கொண்டு வந்து நமக்குரிய மருந்தைக் குடிக்கும், நாம் நுழைய வேண்டிய கதவை மூடும். எட்டாவது கட்டத்தில் கதவு மூடி வழியில்லாமல் நிற்கும்போது, இளவரசி அனுப்பிய சின்னஞ்சிறு வெள்ளைச் சுண்டெலி ஓடிவந்து கதவைத் திறக்கும். அந்த எலியைக் கண்டதும் பழைய சிநேகிதியைக் கண்டது போல் கை தட்டிவிட்டேன். அம்மா எழுந்து வந்து, "எலியைப் பார்த்துச் சந்தோஷப்படற பொம்பளையை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள்.

*

பத்திரிகைக்காரிக்கு விளையாட்டை விளையாடினால் மட்டும் போதுமா? செய்தவர் யார் என்று தேடினேன். ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர். காலேஜை முடித்த கையோடு 1985-ல் இந்த வேலையை ஆரம்பித்து, 1989-ல் முடித்திருக்கிறார். அந்த நாளில் கம்ப்யூட்டர் பொம்மைகள் மரக்கட்டை போல நடக்கும். ராஜகுமாரன் மட்டும் நிஜ மனிதனைப் போல் ஓடுகிறானே, எப்படி? மெக்னர் தம்முடைய தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி, ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லி, சுவரில் தொங்கச் சொல்லிப் படம் பிடித்தாராம். அந்தப் படத்தை ஒவ்வொரு சட்டமாகப் பார்த்து வரைந்ததுதான் ராஜகுமாரன். கத்திச் சண்டை 1938-ல் வந்த 'ராபின் ஹூட்' சினிமாவிலிருந்து வந்தது. சங்கீதம் அவருடைய தகப்பனார் அமைத்தது. 2012-ல் அந்தத் தகப்பனாரின் வீட்டு அலமாரிப் பின்புறத்திலிருந்துதான், தொலைந்துபோனதாக நினைத்த மூலப் பிரதி ஃப்ளாப்பிகளும் கிடைத்தனவாம். எங்கள் வீட்டுப் பிஸ்கட் டப்பாவைப் போலவே!

அந்த நிழலின் பிறப்பு இன்னும் விசித்திரம். வேறொரு புதிய எதிரியை வரைந்து சேர்க்க அந்தக் காலத்து 'ஆப்பிள் 2' கம்ப்யூட்டரில் இடமே மிஞ்சவில்லை. ஆகவே ராஜகுமாரனின் உருவத்தையே எடுத்து, சிறிது மாற்றி, நிழலாக்கிவிட்டார் மெக்னர். அதாவது, எதிரியாக வந்து நிற்பதும் அதே உடம்புதான். அந்தத் தம்பிதான்.

*

எட்டாவது இரவு, நானும் நிழலும் நேருக்கு நேர் நின்றோம். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு!

குத்தினேன். நிழலுக்கு ஒரு உயிர் குறைந்தது. எனக்கும் ஒன்று குறைந்தது. இன்னும் கவனமாகத் தடுத்துவிட்டுக் குத்தினேன். அதே கதி. பத்து மணி, பதினொன்று, பதினொன்றரை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு குத்துவதும் சாவதுமாக இருந்தேன்.

என் மகன் கொட்டாவி விட்டுக்கொண்டே என் செல்போனை எடுத்தான். ஏதோ பாட்டுக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். சிறிது நேரத்தில், "மாமா, தூங்கிட்டீங்களா? அம்மா நிழலோட சண்டை போட்டுச் செத்துக்கிட்டே இருக்காங்க. என்ன செய்யறது?" என்று அவன் கேட்பது காதில் விழுந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பையன் ஒலிபெருக்கியை அழுத்திப் போனை மேஜை மேல் வைத்துவிட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அண்ணனின் குரல், தூக்கக் கலக்கத்தோடு:

"எந்தக் கட்டம்? பன்னெண்டா?"

"ம்" என்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் அவனோடு பேசிய முதல் வார்த்தை அந்த "ம்"தான்.

"ஷிப்ட்லேருந்து கையை எடு, பாப்பா. குத்தாதே. கீழே போற அம்புக்குறியை அழுத்து. கத்தியை உறையிலே போட்டுட்டுச் சும்மா நில்லு."

"அவன் குத்தினா?"

"குத்த மாட்டான். நீ போட்டாத்தான் அவனும் போடுவான்."

அழுத்தினேன். ராஜகுமாரன் கத்தியை உறையில் போட்டான். எதிரே நிழலும் போட்டது. நான் முன்னால் நடந்தேன், அதுவும் நடந்து வந்தது. இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதவில்லை. ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஒரே ஆளாயிற்று.

"கலந்துடுச்சா?" என்றது குரல். "இப்போ முன்னாலே வெறும் பள்ளமாத் தெரியும். பயப்படாதே, ஓடு. நிக்காதே."

பள்ளம்தான். பாலமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓடினேன். கால் வைத்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு கல்லாக முளைத்தது!

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"காலேஜ் ஹாஸ்டல்லே ஒருத்தன் காட்டினான். பொங்கலுக்கு வரும்போது உன்கிட்டச் சொல்லணும்னு நினைச்சேன். மறந்துட்டேன். அப்புறம்..."

அப்புறத்தோடு நிறுத்திவிட்டான். நானும் கேட்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற அம்மா, வெங்காயம் எதுவும் உரிக்காமலே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜாபரின் முன்னால் நான் பத்து விநாடிகூடத் தாக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "ஒத்தை ஆளா முடியாது. ஞாயித்துக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்தான்.

*

தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக வரும் பஸ்ஸில் மதினியோடு வந்து இறங்கினான். தலை நரைத்துவிட்டது. மடிக்கணினியின் முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் அம்புக்குறிகளின் மேல் விரலை வைத்தான். நான் ஷிப்டின் மேல் வைத்தேன்.

வீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். அது இன்னும் தீரவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அம்மா நிஜமாகவே மாடிப்படியில் மூச்சு வாங்குகிறாள். அதை நான் இந்தத் தடவைதான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அன்று எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒன்று உறைத்தது. இரண்டு வருஷமாக நாங்கள் கத்தி சுழற்றினோமே தவிர, வீட்டில் இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை!

அண்ணன் திரும்பி, "அம்மா, நீ என்னம்மா சொல்றே? வீட்டை வைக்கலாமா, விக்கலாமா?" என்றான்.

அம்மா காப்பி டம்ளர்களை மேஜை மேல் வைத்தாள். திரையை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள்.

"அதைச் சாப்பிட்ட பிறகு பேசுவோம். எனக்கும் சொல்றதுக்கு நிறைய இருக்கு" என்றாள். "முதல்லே அந்தப் பொண்ணை வெளியிலே கொண்டாங்க. பாவம், நீங்க சின்னப் பிள்ளைகளா இருந்ததிலேருந்து உட்கார்ந்திருக்கா!"